சாஸ்திரிகள் இன்னும் வழியில்தான் இருக்கிறார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு டிசம்பரிலும் உங்கள் பத்திரிகையில் ஒரு படம் வரும். வெள்ளை உடுப்பு, முதுகில் அட்டை இறக்கை, தலைக்கு மேல் ஜிகினா வளையம், கை கூப்பி நிற்கிற நாலைந்து பிள்ளைகள். அந்த மாதிரி இறக்கைகளை ஊக்கு குத்தி நிறுத்துகிற ஆள் நான். உங்கள் படத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு இல்லை, எங்கள் சபைப் பிள்ளைகளுக்கு. ஆனால் எந்தச் சபைக்குப் போனாலும் என்னைப் போல ஒருவர் பல்லில் ஊக்கைக் கடித்துக்கொண்டு படத்துக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். அந்த உரிமையில் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் போகும். வெட்டினால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு புகைப்படக்காரர் எங்கள் ஆலயத்துக்கு வந்தார். எந்தப் பத்திரிகை என்பது வேண்டாம். தேவதூதர் வேஷத்தில் பிள்ளைகள் வேண்டும், குடில் வேண்டும், நட்சத்திரம் எரிய வேண்டும் என்றார். படம் வருகிறது என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? பெட்டியைத் திறந்தோம். அரைமணி நேரத்தில் குடில் கட்டி, முன்னணையில், அதாவது தீவனத் தொட்டியில், குழந்தை இயேசுவையும் கிடத்தியாயிற்று. அவர் பத்து நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எல்லாவற்றையும் பிரித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று, ஒரு இறக்கை கழன்றும் இன்னொன்று கழலாமலும் என் பக்கத்தில் வந்து நின்று கேட்டது: "சார், கிறிஸ்துமஸ் முடிஞ்சிருச்சா?"

"இல்லம்மா, இன்னும் வரவே இல்லையே" என்றேன்.

அது பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது. குழந்தை இயேசு பழைய செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தார். நான் சொன்னதை அது நம்பியதாகத் தெரியவில்லை.

என்னைப் பற்றி ஒரு வரி. முப்பத்துமூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், இப்போது ஓய்வு. ஞாயிறு பள்ளியில் இருபத்தொன்பது வருடமாக இருக்கிறேன், அதற்கு ஓய்வு கிடையாது. இறையியல் படித்தவன் இல்லை. "ஆயரிடம் பேச வேண்டியதைப் பத்திரிகைக்கு ஏன் எழுதுகிறீர்கள்?" என்று வீட்டில் கேட்டாள். ஞாயிறு பள்ளிக்கும் பத்திரிகைக்கும் பழைய உறவு இருக்கிறது. வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்காக 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் பள்ளி ஆரம்பித்த ராபர்ட் ரெய்க்ஸ் ஒரு பத்திரிகைக்காரர்தான். 1783-இல் தம் பத்திரிகையிலேயே அதைப் பற்றி எழுதினார். அதற்கப்புறம்தான் மற்ற ஊர்க்காரர்கள் காதில் விழுந்து வேகமாகப் பரவியது. ஆகவே நான் சரியான விலாசத்துக்குத்தான் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளுக்குப் பண்டிகையைக் கற்றுக்கொடுக்கிறோம் என்று நாங்கள் செய்வது தலைகீழாக இருக்கிறது. திருச்சபையின் நாள்காட்டியில் முதலில் அட்வெந்து என்கிற காத்திருப்பு வரும், அப்புறம் கொண்டாட்டம். அந்தக் கொண்டாட்டமும் ஒரே நாளில் முடிகிற கொண்டாட்டம் இல்லை. நாங்களோ காத்திருக்க வேண்டிய நாளெல்லாம் கொண்டாடிவிட்டு, கொண்டாட வேண்டிய நாளில் களைத்துப்போய்த் தூங்குகிறோம். டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் நட்சத்திரத்தை இறக்குகிற அவசரத்தைப் பார்த்தால், யாரோ வீட்டைக் காலிபண்ணச் சொன்ன மாதிரி இருக்கும்.

அந்தப் பெண் கேட்ட கேள்வியைப் போலவே தினமும் கேட்டு நச்சரித்த பிள்ளைகள் முன்பும் இருந்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிக் விகர்ன் என்பவர் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்தினார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள், எத்தனை நாள் என்று பிள்ளைகள் உயிரை எடுத்ததில், 1839-இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி நான்கும் வாரநாட்களுக்குச் சின்னச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகளும் நட்டு, நாளுக்கு ஒன்றாக ஏற்றவிட்டார். இன்று ஆலயங்களில் அட்வெந்து வளையம் என்று வைக்கிறோமே, அதன் ஆரம்பம் இதுதான். எனக்கு இதில் பிடித்தது, அவர் கேள்விக்கு வாயால் பதில் சொல்லவில்லை என்பது. எண்ணிக்கொள் என்று சக்கரத்தைக் கையில் கொடுத்துவிட்டார். கணக்கு வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்?

போன வருடம் நாங்களும் ஒன்று செய்தோம். வண்டிச் சக்கரத்துக்கு எங்கே போவது? பழைய சைக்கிள் சக்கரம் ஒன்று கிடைத்தது. மெழுகுவர்த்தி கம்பிகளில் நிற்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. மரக்கட்டை வைத்து ஆணியடித்து நிறுத்தினோம். ஊதா மூன்று, ரோஸ் ஒன்று. முதல் ஞாயிறு ஒன்றே ஒன்றை ஏற்றியதும் பிள்ளைகள் முகம் சுருங்கிப்போயிற்று. "இவ்ளோதானா சார்?" என்றான் ஒருவன். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு ஊதிவிடலாமே என்று யோசனையும் சொன்னான். முடியாது என்றேன். இரண்டாவது ஞாயிறு யார் ஏற்றுவது என்று அடிதடி. மூன்றாவது ஞாயிறு ரோஸ் நிறத்தின் முறை. ஏன் இது மட்டும் ரோஸ் என்று அவர்களையே கேட்டேன். அது சந்தோஷத்தின் ஞாயிறு, காத்திருப்புக்கு நடுவே கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளும் நாள் என்று விளக்கத் தயாராக இருந்தேன். அதற்குள் ஒரு பொடியன், "பாதிக்கு மேல வந்தாச்சுன்னு காட்டத்தானே சார்?" என்றான். சரி, அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

அதற்கு முந்தைய வருடங்களில் இந்த நாலு வாரமும் கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகைக்குத்தான் போயிற்று. நவம்பரிலேயே வேஷம் பிரித்து வசனம் எழுதிக் கொடுத்துவிடுவோம். ஒரு தடவை ஒத்திகை இடைவேளையில் ஒரு பையனைக் கூப்பிட்டு, "நீ யாருடா?" என்றேன். "ரெண்டாவது மேய்ப்பன் சார்." "அன்னிக்கு ராத்திரி வானத்துல என்ன பார்த்தே?" விழித்தான். அப்புறம் ஞாபகம் வந்தவனாக, "முதல் மேய்ப்பனுக்குப் பின்னாடி நிக்கணும் சார்" என்றான். அத்தனை வாரமும் நாங்கள் கற்றுக்கொடுத்தது அதுதான். அவன் மேல் என்ன தப்பு?

மனப்பாட வசனமும் இதே கதைதான். வேதாகமத்தின் இருபத்துமூன்றாம் சங்கீதத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கின ஒருவனிடம், "என் பாத்திரம் நிரம்பி வழிகிறது" என்றால் என்ன என்று கேட்டேன். "குழாயை மூட மறந்துட்டாங்க சார்." நான் சிரித்துவிட்டேன், ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் சிரிப்பு வரவில்லை. மனப்பாடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் அப்பாவுக்குக் கடைசி நாட்களில் எங்கள் பெயர்கூட மறந்துபோயிற்று, சிறுவயதில் படித்த சங்கீதங்கள் மறக்கவில்லை. உள்ளே போட்டு வைப்பது நல்லதுதான். ஆனால் போட்டது என்ன என்று ஒரு தடவையாவது பிரித்துக் காட்ட வேண்டாமா?

போன வருடம் ஒத்திகைக்குப் பதிலாக வேறொன்று செய்து பார்த்தேன். பெரிய பிள்ளைகளைக் குழுக்களாக உட்காரவைத்து மத்தேயு சுவிசேஷத்தில் முதல் இரண்டு அதிகாரம், லூக்காவில் முதல் இரண்டு அதிகாரம் வாசிக்கச் சொன்னேன். கதையில் யார் யார் வருகிறார்களோ அவர்களை மட்டும் ஒரு தாளில் எழுத வேண்டும், நம் நாடகத்தில் வருகிறவர்களை இன்னொரு தாளில். பத்தாவது நிமிடமே கூச்சல். சத்திரத்தில் இடமில்லை என்று இருக்கிறது, ஆனால் இடமில்லை என்று சொல்லி விரட்டுகிற சத்திரக்காரரைக் காணோம்! சாஸ்திரிகள் (நட்சத்திரத்தைப் பார்த்துக் கிழக்கிலிருந்து குழந்தை இயேசுவைத் தேடி வந்தவர்கள்) மூன்று பேர் என்று எங்கேயும் இல்லை, காணிக்கைதான் மூன்று! அவர்கள் வந்தது மாட்டுக்கொட்டகைக்கு இல்லை, வீட்டுக்கு! ஒட்டகம் இல்லை! தேவதூதர்களுக்கு இறக்கை இருந்ததாக ஒரு வார்த்தைகூட இல்லை! (இத்தனை வருட ஊக்கு வேலை எனக்கு.) வேதாகமத்தைத் திறந்தால் கொட்டாவி விடுகிற பையன்கள் போட்டி போட்டுக்கொண்டு வரி வரியாகத் தேடினதை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு பெண்ணுக்கு மட்டும் முகம் வாடிப்போயிற்று. இரண்டு வருடமாகக் கழுதையின் பின்னங்கால் அவள்தான். சுவிசேஷத்தில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. "அப்ப நான் யாரு சார்?" என்றாள். ஏசாயா முதல் அதிகாரத்தைத் திருப்பச் சொன்னேன். மாட்டுக்குத் தன் எஜமானைத் தெரியும், கழுதைக்குத் தன் ஆண்டவனின் முன்னணையைத் தெரியும் என்று அங்கே வருகிறது. அதை வாசித்த பழைய கிறிஸ்தவர்கள் இரண்டையும் குடிலுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அப்புறம் 1223-இல் அசிசியின் பிரான்சிஸ் என்ற துறவி, இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில், வைக்கோலும் தீவனத் தொட்டியுமாக உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, அதன் முன்னால் கிறிஸ்து பிறப்பு ஆராதனை நடத்தினார். குடில் வைக்கிற வழக்கம் பரவியதில் அந்த ராத்திரிக்குப் பெரிய பங்கு உண்டு. "அப்ப எண்ணூறு வருஷமா சார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பின்னங்காலுக்கு அவ்வளவு பெருமை வந்ததை நான் பார்த்ததில்லை.

இதற்கு வீடுகளிலிருந்து எதிர்ப்பும் வந்தது. "இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகளுக்கு விசுவாசம் போய்விடும்" என்றார் ஒரு தகப்பனார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாம் சொல்லாவிட்டால் பதினைந்து வயதில் கைபேசி சொல்லும். அது சொல்லும்போது, 'இத்தனை நாளும் உன்னை ஏமாற்றினார்கள்' என்ற தொனியில் சொல்லும். டிசம்பர் 25 விஷயமும் அப்படித்தான். இயேசு அன்றைக்குத்தான் பிறந்தாரா என்று ஒருவன் கேட்டான். வேதாகமத்தில் தேதி இல்லை. ரோமில் அந்தத் தேதியைக் குறித்துவைத்திருப்பது 336-ஆம் ஆண்டு வாக்கில்தான், அதுதான் நமக்குக் கிடைக்கிற பழைய பதிவு என்றேன். "அப்ப பொய்யா சார்?" என் அம்மா கதையைச் சொன்னேன். அவர் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் தாமாகப் போட்ட தேதிதான் கடைசிவரை. அந்தத் தேதியில்தான் நாங்கள் எல்லோரும் கூடினோம், பாயசம் குடித்தோம், சிரித்தோம். தேதி உத்தேசம், ஆனால் அம்மா நிஜம். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வாத்தியாருங்க இஷ்டத்துக்குத் தேதி போடுவாங்களா?" என்று கேட்டான். என் தொழில் மேல் அவனுக்கு விசுவாசம் குறைந்தது உண்மை.

பிள்ளைகள் கேட்க வேண்டும் என்று வேதாகமமே இடம் விட்டு வைத்திருக்கிறது. யாத்திராகமத்தில் பஸ்கா பண்டிகையை நியமிக்கிற இடத்தில், இந்த ஆராதனையின் அர்த்தம் என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது இப்படிச் சொல்லுங்கள் என்று வருகிறது. யோர்தான் நதியைக் கடந்தபின் பன்னிரண்டு கல்லை நாட்டி வைத்ததும், இந்தக் கல்லெல்லாம் என்ன என்று நாளைக்குப் பிள்ளைகள் கேட்கட்டும் என்பதற்காகத்தான். கேள்வி வரட்டும் என்றே ஒரு பொருளைக் கண்ணில் படுகிற மாதிரி வைப்பது எவ்வளவு நல்ல உபாயம்! நாங்களோ கேள்வி வருவதற்கு முன்னால் பதிலை எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் ஆலயத்தில் அப்படிக் கண்ணில் படுகிற பொருள் திருமேசை விரிப்பு. அட்வெந்துக்கும் லெந்துக்கும் (ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்கள்) ஊதா, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை, பெந்தெகொஸ்தேவுக்குச் சிவப்பு, மற்ற நாளெல்லாம் பச்சை. பத்து வயதுப் பெண் ஒருத்தியிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஞாயிறுதோறும் என்ன நிறம் என்று எழுதச் சொல்லியிருந்தேன். பச்சை, பச்சை, பச்சை என்று எழுதி அலுத்துப்போய், பக்கத்தில் இலை வரைய ஆரம்பித்திருந்தாள். லெந்தில் ஊதா வந்ததும் உற்சாகமாகிவிட்டாள். பெரிய வியாழன் ராத்திரி ஆராதனை முடிந்ததும் விரிப்பு, மெழுகுவர்த்தி, பூ, எல்லாவற்றையும் எடுத்துவிடுவது எங்கள் வழக்கம். அது அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. பெரிய வெள்ளி அன்று நோட்டோடு வந்தவள் வெறும் மேசையைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் ஓடிவந்தாள். "சார், யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க." அவள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிநேர ஆராதனையில் ஒரு தடவைகூட அவள் வெளியே போக வேண்டும் என்று கேட்கவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நோட்டில் என்ன எழுதினாள் என்று பிறகு பார்த்தேன். தேதி போட்டு, பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, அதைக் காலியாக விட்டிருந்தாள்.

ஈஸ்டர் காலையில் வெள்ளையைப் பார்த்ததும் அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுதப் போவதில்லை. என்னால் முடியாது.

லெந்து என்றதும் கணக்கு வருகிறது, அதை விட மாட்டேன். சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தைய சனி வரை எண்ணச் சொன்னால் நாற்பது வராது, நாற்பத்தாறு வரும். "சார், நீங்க தப்பா சொல்லிட்டீங்க" என்று ஒரு பையன் நாள்காட்டியோடு வந்து நின்றான். ஞாயிறுகளைக் கழி என்றேன். ஆறு ஞாயிறு போனால் நாற்பது. ஏன் கழிக்க வேண்டும்? ஒவ்வொரு ஞாயிறும் உயிர்த்தெழுந்த நாள், ஒரு குட்டி ஈஸ்டர், அன்றைக்கு உபவாசம் சேராது. சரி, ஈஸ்டரிலிருந்து பெந்தெகொஸ்தே வரை எண்ணு என்றேன். இரண்டு ஞாயிறுகளையும் சேர்த்து ஐம்பது. பெந்தெகொஸ்தே என்ற கிரேக்கச் சொல்லுக்கே ஐம்பதாவது என்றுதான் பொருள். இதில் ஞாயிறுகளைக் கழிக்க வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம், இதில் எல்லாம் சேர்த்தி என்றேன். "அப்ப துக்கத்துக்கு நாப்பது, சந்தோஷத்துக்கு அம்பதா?" என்றான். இருபத்தொன்பது வருடம் நான் சொல்லிக்கொடுத்ததில் இந்த ஒரு வரி என் வாயிலிருந்து வந்ததில்லை. எங்கள் சபையில் அந்த ஐம்பது நாளும் ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு முடிந்துபோகிறது.

ஈஸ்டர் தேதி ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதும் பிள்ளைகளுக்குப் பிடித்த கணக்கு. மார்ச் 21-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு. ஆக, மார்ச் 22-க்கு முந்தாது, ஏப்ரல் 25-ஐத் தாண்டாது. எல்லோரும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும் என்று முடிவெடுத்தது 325-இல் நிசேயா நகரில் கூடிய திருச்சபைச் சங்கம். லெந்து நாட்களில் நிலாவைப் பார்த்து வரச் சொல்வேன், தேய்வதும் வளர்வதும் நோட்டில் வரைந்து வருவார்கள். 2019-இல் ஒருவன் என்னை மடக்கிவிட்டான். அந்த வருடம் மார்ச் 21-ஆம் தேதியே பௌர்ணமி. அப்படியானால் ஈஸ்டர் மார்ச் 24 வர வேண்டும். வந்ததோ ஏப்ரல் 21. சபை பார்ப்பது வானத்து நிலாவை இல்லை, பழைய அட்டவணையில் இருக்கிற நிலாவை, அதில் அந்தப் பௌர்ணமி ஒரு நாள் முந்திவிட்டது என்று விளக்கினேன். "அப்ப நிலாவைப் பார்க்கவே வேண்டாமே சார்" என்றான். பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அவனுக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை.

பதில் சொல்ல வராத இன்னொரு நாள் உண்டு. அது சிரிப்புக்குரியது இல்லை. ஒரு ஈஸ்டர் காலை, பரிசு கொடுக்கிற பரபரப்பில் இருந்தேன். ஒன்பது வயதுப் பையன் சட்டையைப் பிடித்து இழுத்தான். அந்த லெந்தில்தான் அவன் தாத்தா இறந்துபோயிருந்தார். "இயேசு மூணாம் நாள் வந்துட்டாரு. தாத்தா போய் இருபது நாள் ஆச்சு சார்." நான், "ஜெபம் பண்ணுப்பா, பரலோகத்துல பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரை வாசித்தேன். அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு அவன் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். தாத்தாவின் நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். நானும் தரையில் உட்கார்ந்தேன். எப்ப வருவாங்கன்னு எனக்குத் தெரியாது, நானும் எங்கப்பாவுக்காகக் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன் என்றேன். "எத்தனை வருஷமா?" "இருபத்தாறு வருஷமா." பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அது ரொம்ப ஜாஸ்தி சார்" என்றான். அடுத்த ஞாயிறு வந்தான்.

இதையெல்லாம் வைத்து, நாடகமே கூடாது, இறக்கையே கூடாது என்று சொல்கிறவன் என்று நினைக்க வேண்டாம். வகுப்பில் திக்கித் திக்கிப் பேசுகிற பையன் ஒருவன் மேடையில் மேய்ப்பனாக நின்று பிசிறில்லாமல் பாடியதைக் கேட்டிருக்கிறேன். அவன் அம்மா அழுதார், நானும்தான். மேடையால் நல்லது நடக்கிறது. என் வழக்கு நேரத்தைப் பற்றித்தான். போன வருடம் செயற்குழுவோடு மல்லுக்கட்டி நாடகத்தை டிசம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிற்றுக்கு மாற்றினோம். விடுமுறை, பாதிப்பேர் ஊரில் இருக்க மாட்டார்கள், கூட்டம் வராது என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. கூட்டம் வரவில்லை. பாதி நாற்காலி காலி. ஆனால் அந்த வருடம் இரண்டாவது மேய்ப்பனிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால் நிறுத்தாமல் பேசினான், கொஞ்சம் இட்டுக்கட்டியும் பேசினான். இந்த வருடமும் அப்படியே வைத்தோம். நாற்காலிகள் கொஞ்சம் கூடுதலாக நிரம்பின.

25-ஆம் தேதிக்கு அப்புறம் எத்தனை நாட்கள் சும்மா கிடக்கின்றன! 26 முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானின் நாள், 28 ஏரோது ராஜா கொன்ற குழந்தைகளின் நாள் (இதைப் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மட்டும் பேசுகிறேன், அதுவும் மெதுவாக), அப்புறம் ஜனவரி 6, சாஸ்திரிகள் வந்து வணங்கியதைக் கொண்டாடும் பிரசன்னத் திருநாள். பன்னிரண்டு நாள் சொத்து. பிள்ளைகளுக்கு விடுமுறையும்கூட.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் புகைப்படக்காரரை டிசம்பர் முதல் வாரத்தில் அனுப்பாதீர்கள். ஜனவரி 6-ஆம் தேதி அனுப்புங்கள். இறக்கை வேண்டுமென்றால் அன்றைக்கும் மாட்டிவிடுகிறேன், ஊக்கு என்னிடம் நிறைய இருக்கிறது. "பழைய செய்தி" என்று உங்கள் அலுவலகத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அவர் வந்தால் பார்க்க ஒரு காட்சியும் இருக்கிறது. இந்த வருடம் சாஸ்திரிகளின் பொம்மைகளைக் குடிலில் வைக்காமல், ஆலயத்தின் பின்வாசலில் வைத்துப் புறப்படவிட்டோம். ஒட்டகமும் உண்டு. வேதாகமத்தில் இல்லை என்று கண்டுபிடித்த அதே பிள்ளைகள்தான் அது இருந்தே ஆக வேண்டும் என்று சண்டை போட்டார்கள். சுவரோரமாகப் பெஞ்சுகளைப் போட்டு அதுதான் பாதை. அங்கிருந்து குடில் வரை என் கைக்கு இருபத்துநாலு முழம். பன்னிரண்டு நாள், நாளுக்கு இரண்டு முழம், சாயங்காலம் ஒரு பிள்ளை வந்து நகர்த்தும். கணக்கு வாத்தியார் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது: அளந்தது என் முழம், நகர்த்துவது அவர்கள் முழம். இன்று டிசம்பர் 29. போகிற வேகத்தில் போனால் ஜனவரி 6-ஆம் தேதி சாஸ்திரிகள் குடிலுக்கு இரண்டு பெஞ்சு முன்னாலேயே நின்றுவிடுவார்கள்.

இன்றைக்கு முறை, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒற்றை இறக்கையோடு என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்கு. இப்போது ஏழு வயது. முழங்கையைப் பெஞ்சின் மேல் வைத்து, விரல் நுனி வரை அளந்து, ஒன்று, இரண்டு என்று ஒட்டகத்தோடு எல்லோரையும் நகர்த்தினாள். குடில் எவ்வளவு தூரம் என்று நிமிர்ந்து பார்த்தாள். நான் வாசல் பக்கம் திரும்பி விளக்கை அணைக்கப் போவது போல நின்றேன். மூன்றாவது முழம் நகர்கிற சத்தம் கேட்டது.

இப்படிக்கு,
ஒரு ஞாயிறு பள்ளி வாத்தியார்
(பெயரும் ஊரும் போட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.)